பச்சைச் சட்டை போனது, பச்சைப் பொத்தான் இருக்கிறது

சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் இரவு எட்டு மணிக்கு நின்றால் மூன்று திசையின் பசியும் ஒரே இடத்தில் தெரியும். தெற்கே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, வடக்கே மறைமலை நகர், மேற்கே திரும்பினால் ஒரகடம் சாலை. பல்லவர் காலத்துக் குடைவரை நரசிம்மரால் பெயர் பெற்ற ஊரில், பிரியாணிக் கடை வாசல்களில் சிவப்புச் சட்டையும் ஆரஞ்சுச் சட்டையுமாக இளைஞர்கள் போனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். தாத்தா அடுத்தவர் வயலில் கூலி, அப்பா கம்பெனியில் கான்ட்ராக்ட், மகன் ஆப்பில் டெலிவரி. மூன்று தலைமுறையின் வேலை வரலாற்றை இப்படி ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய வீடுகள் இந்தப் பக்கத்துச் சேரிகளில் நிறைய.

வணிகப் பத்திரிகைகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சேவைப் புதுமை. பொருளை மாற்றாமல், அது நம்மிடம் வந்து சேரும் விதத்தை மாற்றுவது. பிரியாணி பழைய பிரியாணிதான். அது வாசலுக்கு வருவதும், வரும் வழியை வரைபடத்தில் பார்ப்பதும், காசைக் கையில் கொடுக்காமல் கொடுப்பதும்தான் புதுசு. இப்படிச் செய்கிற கம்பெனிக்கு என்னென்ன லாபம் என்று நிர்வாகவியல் வகுப்புகளில் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்துகிறார்கள். சாதிச் சமூகத்தில், வாடிக்கையாளரின் வசதி ஒன்றையே அளவுகோலாக வைத்துச் சேவையை வடிவமைத்தால் கம்பெனி என்னவாக மாறும் என்ற கேள்விக்குத்தான் அந்தப் பாடத்தில் இடமில்லை. சாதி இந்து வாடிக்கையாளருக்குச் சாதியும் ஒரு வசதி. எல்லா வசதிகளிலும் பழையது. கம்பெனி அதை வாடிக்கையாளரின் தேவை என்று குறித்துக்கொண்டு பரிமாறத் தொடங்கும்போது, தீண்டாமையின் புது நிர்வாகியாக ஆகிவிடுகிறது. பெரும்பாலும் அதற்கே தெரியாமல்.

சொமேட்டோ நமக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. 2024 மார்ச் 19 அன்று அதன் தலைமைச் செயல் அதிகாரி தீபிந்தர் கோயல் இரண்டு அறிவிப்புகள் செய்தார். ஒன்று, ஆப்பில் ‘ப்யூர் வெஜ் மோட்’. அந்தப் பொத்தானை அழுத்தினால் சைவம் மட்டுமே விற்கும் கடைகள்தான் கண்ணில் படும். ஒரே ஓர் அசைவப் பதார்த்தம் விற்கிற கடைகூட மறைந்துவிடும். இரண்டு, அந்தக் கடைகளின் உணவை எடுத்துவரத் தனிப் படை. அவர்களுக்குப் பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி. அசைவம் ஒருபோதும் அந்தப் பெட்டிக்குள் போகாது.

காரணமாக அவர் சொன்னது, குழம்பு சிந்தினால் பெட்டியில் வாசம் தங்கிவிடுகிறது, அடுத்த ஆர்டருக்கும் அது தொற்றுகிறது என்பது. சரி, இருக்கட்டும். குழம்பு சிந்துவது உண்மையான பிரச்சினைதான். அதற்கு நல்ல மூடி போட்ட டப்பா இருக்கிறது, பெட்டிக்குள் தடுப்பு இருக்கிறது, கழுவுவதற்குத் தண்ணீர் இருக்கிறது. டப்பாவில் தீர்க்க வேண்டியதை ஆளைப் பிரித்துத் தீர்க்கலாம் என்று ஒரு தொழில்நுட்பக் கம்பெனிக்கு எப்படித் தோன்றியது? இந்த நாட்டில் ஆளைப் பிரிப்பது டப்பாவை மாற்றுவதைவிட மலிவு என்பதால்தான். அதற்கான கட்டுமானம் பல நூற்றாண்டுகளாகத் தயாராக இருக்கிறது.

எதிர்ப்பு கிளம்பியது. மறுநாளே கோயல் பின்வாங்கினார். எல்லோரும் சிவப்புச் சட்டையே அணிவார்கள் என்றார். அப்போது அவர் கொடுத்த விளக்கம் அறிவிப்பைவிட முக்கியமானது. பச்சைச் சட்டை வந்தால் சிவப்புச் சட்டைக்காரர்களை அசைவத்தோடு சேர்த்துப் பார்த்து, சில விசேஷ நாட்களில் குடியிருப்புச் சங்கங்கள் உள்ளே விடாமல் தடுக்கக்கூடும், அவர்களின் பாதுகாப்பு முக்கியம் என்று சொன்னார். சில வாடிக்கையாளர்களுக்கு வீட்டு உரிமையாளரால் சிக்கல் வரலாம் என்பதையும் ஒப்புக்கொண்டார். அதாவது கேட்டில் நிறுத்தி இன்னார் வரலாம், இன்னார் வரக்கூடாது என்று சொல்லும் வழக்கம் கம்பெனிக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் தனிப் படையைக் கலைக்கவில்லை, பொத்தானையும் எடுக்கவில்லை. தெருவில் தெரிந்தது மறைந்தது, ஆப்பில் இருந்தது இருந்துவிட்டது. பிறகு அந்தப் பொத்தானைப் பயன்படுத்த 2 ரூபாய்க் கட்டணம் போட்டு, 2025 ஜனவரியில் ஒரு வாடிக்கையாளர் அதைச் சமூக வலைத்தளத்தில் எழுதியதும் மன்னிப்புக் கேட்டு அதையும் எடுத்தார்கள். சுத்தத்துக்கு 2 ரூபாய் என்று ஒரு விலை கொஞ்ச நாள் இருந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இதே கம்பெனிதான் 2019 ஜூலையில், டெலிவரி செய்ய வருகிறவர் முஸ்லிம் என்பதால் ஆர்டரை ரத்து செய்த ஜபல்பூர் வாடிக்கையாளருக்கு, உணவுக்கு மதம் கிடையாது என்று பொதுவெளியில் பதில் சொன்னது. கோயலும் அன்று அதற்கு ஆதரவாக நின்றார், வாடிக்கையாளர்கள் போனாலும் கவலையில்லை என்ற தொனியில். அப்போது நாம் கைதட்டினோம். ஐந்து ஆண்டுக்குள் அதே கம்பெனி பச்சைச் சட்டைக்கு வந்து சேர்ந்தது. கோயல் நல்லவரா கெட்டவரா என்று இதை வைத்து விவாதிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. 2019இல் கேட்டது ஒரு தனிமனிதர், அதனால் மறுப்பது எளிது. 2024இல் கேட்டது சந்தை. புதுப் புது வசதியைக் காட்டியே வளர்ந்த கம்பெனிக்கு, வளர்ச்சி நின்றுவிடும் என்ற பயம் வரும்போது, கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் அடுத்த வசதி சாதிதான்.

தமிழ்நாட்டில் இந்தப் பொத்தான் யாருக்காக? மாதிரிப் பதிவு முறையின் 2014 அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சைவம் உண்பவர்கள் 2.35 சதவீதம். மீதி 97 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குச் சமைக்கிற நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலானவை காலையில் இட்லியும் மதியம் மீன் குழம்பும் விற்பவை. ஜி.எஸ்.டி. சாலையோரத்து மெஸ் ஒன்றில் ஓர் அக்கா சுடும் தோசையை, பக்கத்து அடுப்பில் சிக்கன் கொதிக்கிறது என்பதற்காக ஆப் மறைத்துவிடும். சேவைப் புதுமை கம்பெனிகளை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்கிறவர்கள் இந்த மெஸ்ஸையும் ஒரு கம்பெனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். கமிஷன் கொடுத்து ஆப்பில் சேர்ந்ததும் அவர்தான், அந்த ஆப்பிலேயே காணாமல் போகிறதும் அவர்தான். சைவம் சாப்பிடுவது ஒருவரின் விருப்பம், அதில் நமக்கு வழக்கு இல்லை. ‘சுத்த சைவம்’ என்று எழுதும்போது அந்த ‘சுத்த’ யாரைப் பார்த்து எழுதப்படுகிறது என்பதுதான் வழக்கு. ‘சுத்த அசைவம்’ என்று எந்தப் பலகையும் நான் பார்த்ததில்லை.

பலகை என்றதும் நமக்கு நினைவு வர வேண்டியது திருவல்லிக்கேணி முரளி கபே. ‘பிராமணாள்’ என்ற சொல்லைப் பெயர்ப் பலகையில் தாங்கி நடந்த ஓட்டல்கள் அந்தக் காலத்தின் சேவைப் புதுமை என்று சொன்னால் மிகையாகாது. வெளியூர் போனாலும் ஆச்சாரம் கெடாமல் சாப்பிடலாம் என்பது நகரமயமாக்கல் உருவாக்கிய புதுத் தேவை. ஓட்டல் முதலாளிகள் அதைக் கண்டுபிடித்துப் பரிமாறினார்கள். ரயில் நிலைய உணவு விடுதிகளிலும் பார்ப்பனருக்குத் தனி இடம் இருந்தது. இந்தச் செங்கல்பட்டு வழித்தடத்தில் ரயில் ஏறியவர்களும் அந்த ஏற்பாட்டோடுதான் பயணம் செய்தார்கள். பெரியாரும் இயக்கமும் தொடர்ந்து எதிர்த்ததால் 1941இல் ரயில்வேயில் அது ஒழிந்தது. 1957இல் முரளி கபே முன் மறியல் தொடங்கியது. மாதக்கணக்கில் தோழர்கள் நாள்தோறும் போய்க் கைதானார்கள். 1958இல் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி, செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சௌந்தரபாண்டியனார் தலைமையில் நடந்து, சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெயருக்குப் பின்னாலும் கடைக்கு முன்னாலும் இருந்த சாதியை எடுப்பது ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்.

ஆனால் அன்று பலகை கண்ணுக்குத் தெரிந்தது, அதன் முன் போய் நிற்க முடிந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் அவரவருக்கான பலகை. என் திரையில் தெரிவது உங்கள் திரையில் தெரியாது. எந்த வாசலில் போய் மறியல் செய்வது?

இன்னொரு பழைய கணக்கும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செங்கல்பட்டு ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களை அளந்து எழுதினார். களத்தில் நெல் குவிந்ததும் தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், வெட்டியான் என்று ஒவ்வொரு சேவைக்கும் குவியலிலிருந்து எவ்வளவு போகும் என்பது அந்தப் பதிவுகளில் இருக்கிறது. தரம்பால் போன்றவர்கள் இதைப் பார்த்து, அன்றைய ஊர்கள் எவ்வளவு ஒழுங்காக, தன்னிறைவாக இயங்கின என்று பெருமிதப்பட்டார்கள். நமக்கு அந்தப் பெருமிதம் வராது. யார் பிணம் சுமப்பது, யார் துணி வெளுப்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்த கணக்கு அது. நிலம் யாரிடம் இல்லை என்பதன் கணக்கும்கூட. அந்த நிலமின்மையைத்தான் 1891இல் இதே மாவட்டத்தின் கலெக்டர் டிரமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். பஞ்சமி நிலம் அதிலிருந்து வந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்குத்தான் 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு பார்த்தாலும், பர்னார்ட் காலக் களத்தில் சேவை செய்தவருக்குக் குவியலில் ஒரு பங்கு இருந்தது என்பது கண்ணை உறுத்துகிறது. இன்றைய ஆப்பில் பங்கு கிடையாது. நடைக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும். குவியல் எவ்வளவு பெரியதானாலும் கூலி அதோடு சேர்ந்து ஏறுவதில்லை.

சேவைப் புதுமைக்கு உலகமெங்கும் சொல்லப்படும் உதாரணம் விமான எஞ்சின். 1962இல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தொடங்கி, பின்னால் ரோல்ஸ் ராய்ஸ் கையில் புகழ்பெற்ற திட்டம் அது. எஞ்சினை விற்றுவிட்டுக் கைகழுவாமல், அது ஓடும் மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வது. எஞ்சின் பழுதானால் நஷ்டம் தயாரித்தவருக்கு. அதனாலேயே பழுதாகாத எஞ்சின் செய்ய வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு வந்தது. புதுமை என்ற சொல்லுக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கிறது, அபாயத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டதால். நம் டெலிவரி ஆப்பும் மணி நேரத்தைத்தான் விற்கிறது. ஆனால் பைக் பழுதானால் செலவு ஓட்டுகிறவருக்கு. பெட்ரோல் அவருடையது. மழையில் ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்குப் பக்கத்தில் சறுக்கினால் காலும் அவருடையது. அபாயம் முழுக்கக் கீழே தள்ளிவிடப்பட்ட இடத்தில் கம்பெனிக்கு வண்டியையோ வழியையோ மேம்படுத்த எந்தக் கட்டாயமும் இல்லை. அது மேம்படுத்துவது திரையை மட்டும்.

வீட்டு வேலைக்கும் இப்போது ஆப் வந்திருக்கிறது. அர்பன் கம்பெனி 2025 மார்ச்சில் மும்பையில் ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ என்ற சேவையைத் தொடங்கியது. 15 நிமிடத்தில் வேலைக்கு ஆள், அறிமுகச் சலுகையாக மணிக்கு 49 ரூபாய். மனிதரை உடனடி நூடுல்ஸ் போல விளம்பரம் செய்கிறார்கள் என்று கண்டனம் எழுந்ததும் பெயரை ‘இன்ஸ்டா ஹெல்ப்’ என்று மாற்றினார்கள். மறுபடியும் பாருங்கள், மாறியது பெயர்ப் பலகைதான். 2021 அக்டோபரில் குருகிராமில் இதே கம்பெனியின் அழகுக்கலைப் பெண்கள் கமிஷன் விகிதத்தை எதிர்த்து அலுவலக வாசலில் அமர்ந்தார்கள். டிசம்பரில் மறுபடி அமர்ந்தபோது கம்பெனி அவர்கள்மீது வழக்குப் போட்டது. பார்ட்னர் என்று அழைக்கப்பட்டவர்கள் மேல் வழக்கு. 2025 செப்டம்பரில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. 103 ரூபாய்க்கு விற்ற பங்கு முதல் நாளே 150 ரூபாயைத் தாண்டியது. பார்ட்னரின் மணி நேரத்துக்கு அப்படி ஒரு முதல் நாள் வரவில்லை.

நகரத்து வீடுகளில் வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர், தனி லிஃப்ட் என்பது நாம் அறிந்ததே. ஆப் அந்த டம்ளரை ஒழிக்கவில்லை. முன்பு ஓர் அம்மாவுக்கும் இன்னோர் அம்மாவுக்கும் நடந்த சண்டையாவது நேருக்கு நேர் நடந்தது. இப்போது ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைக் குறைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஏன் குறைத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு நட்சத்திரத்தில் சமையல் ருசியும் இருக்கலாம், சாதியும் இருக்கலாம். கம்பெனியின் கணக்கில் இரண்டும் ஒரே எண்.

வேறு மாதிரி நடக்கவே முடியாதா என்று கேட்டால், முடியும். நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, அரைகுறையாக. கழிவுநீர்த் தொழிலாளர்களையே இயந்திரத்தின் சொந்தக்காரர்களாக்கி, அவர்களோடு அரசே ஒப்பந்தம் போடுவது. 2017இல் ஹைதராபாத்திலும் 2019இல் டெல்லியிலும் தலித் தொழில் வர்த்தக சபையான டிக்கியின் துணையோடு நடந்தது. சென்னைக் குடிநீர் வாரியம் 2024 டிசம்பரில் 213 வாகனங்களோடு தொடங்கியது. குழிக்குள் இறங்கியவரின் குடும்பம் வண்டிக்கு முதலாளி. அபாயத்தை இயந்திரம் வாங்கிக்கொள்கிறது, வருமானம் உழைத்தவர் வீட்டுக்குப் போகிறது. எஞ்சின் உதாரணத்துக்கு நேர்மையான உறவு என்றால் இதுதான்.

அரைகுறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2024இல் ஒன்றிய அரசு சொன்ன கணக்கில், அடையாளம் காணப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் 92 சதவீதத்தினர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகத்தினர். அதில் தாழ்த்தப்பட்டோர் மட்டும் ஏறத்தாழ 69 சதவீதம். இயந்திரம் வந்த பிறகும் அந்த வண்டியின் ஸ்டியரிங்கில் அதே சாதிதான் அமர்கிறது என்றால், நாற்றம் குறைந்திருக்கிறது, பிறப்புக்கும் தொழிலுக்குமான முடிச்சு அவிழவில்லை. சொந்தக்காரரின் மகள் மஹிந்திரா சிட்டியில் மென்பொருள் எழுதப் போவதற்கும், வேறு சாதிக்காரர் ஒருவர் அந்த வண்டியை ஓட்ட வருவதற்கும் வழி இருக்கிறதா என்பதை வைத்துத்தான் நான் இந்தத் திட்டத்தை மதிப்பிடுவேன். ஆனாலும் பச்சைச் சட்டையையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஒன்று வாடிக்கையாளரின் மூக்கைக் காப்பாற்றக் கண்டுபிடித்தது. மற்றது தொழிலாளியின் உயிரைக் காப்பாற்ற.

இனி நம் வேலை. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி ஆப் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் மற்ற பக்கங்கள்மீது நமக்குள்ள எதிர்ப்பு அப்படியே இருக்கிறது; இந்தப் பணத்தை விட்டுவிடவும் கூடாது. தமிழ்நாட்டில் 2023 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட கிக் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தி.நகரிலும் டெலிவரித் தொழிலாளர்களுக்குக் குளிரூட்டப்பட்ட ஓய்வறை கட்டியிருக்கிறது. தாம்பரம் தாண்டி, வண்டலூர் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் வரை அந்த ஓய்வறை வரவேண்டும். இங்கே ஆர்டர் கொடுக்கிறவர்கள் மாநகரத்து ஆப்பில்தான் கொடுக்கிறார்கள். கொண்டுபோகிறவருக்கு மட்டும் ஊராட்சிக் கணக்கா?

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது வேறு. பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகள் செபிக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பொறுப்பு அறிக்கையில் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்ற கேள்வி இருக்கிறது. பணியாளரின் சாதி பற்றிய கேள்வி இல்லை. பைக்கில் போகிறவர்கள் எந்தச் சமூகம், பொத்தானை வடிவமைக்கிறவர்கள் எந்தச் சமூகம் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடச் சொல்ல வேண்டும். பச்சைச் சட்டை யோசனை வெளியே வருவதற்கு முன்பு அந்த அறையில் இது தீண்டாமை என்று சொல்ல ஒருவர்கூட இல்லாமல் போனது எப்படி என்பதற்கான விடை அந்த இரண்டாவது எண்ணில் இருக்கும்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் அதே அறைகளில் வேலை பார்க்கிறீர்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து கேம்பஸுக்குள் போகிறீர்கள். பரனூர் போகும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்து, யாரோ ஒரு வாடிக்கையாளருக்காக யாரோ கேட்ட வசதியை எழுதுகிறீர்கள். அடுத்த முறை ‘வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்’ என்று ஒரு வடிகட்டி உங்கள் மேசைக்கு வந்தால், எந்த வாடிக்கையாளர்கள் என்று கூட்டத்தில் கேளுங்கள். கேட்ட கேள்வி கூட்டக் குறிப்பில் பதிவாகிறதா என்றும் பாருங்கள். உங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் டெலிவரி ஆட்கள் ஏறக்கூடாது என்று காகிதம் ஒட்டியிருந்தால் அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, கிழித்துவிடலாம்.